அடங்கலில் இருக்கும் பெயருக்கும் அந்த 2,000 ரூபாய் போகட்டும்

ஒன்றிய வேளாண் அமைச்சருக்கும் தமிழ்நாடு வேளாண்மை – உழவர் நலத்துறைக்கும்,

வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் செய்யும் ஒருவரின் மகள் எழுதுகிறேன். அப்பா செய்வது ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். தாத்தா காலத்திலிருந்து அதே நிலம்தான். நாற்று விடுவதும், களைக்கு ஆள் தேடுவதும், ஐப்பசி மழையில் நடு ராத்திரி மண்வெட்டியோடு போய் வரப்பை வெட்டித் தண்ணீரை வடிய விடுவதும் அவர்தான். பட்டா சாமி பெயரில் இருக்கிறது.

2019 பிப்ரவரியில், விவசாயிகளின் கணக்கில் ஒன்றிய அரசு நேரடியாகப் பணம் போடும் பி.எம். கிசான் திட்டம் வந்தபோது நாங்களும் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு போனோம். பட்டா உங்கள் பெயரில் இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரை நான் குறை சொல்லவில்லை. விதியே அப்படித்தான்: ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000, நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. இரண்டு ஹெக்டேர் வரை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று முதலில் இருந்த வரம்பையும் அதே ஆண்டில் எடுத்துவிட்டீர்கள். வருமான வரி கட்டுவோர் போன்ற சிலரைத் தவிர, பெரிய நிலக்காரர்களும் உள்ளே வந்தார்கள். குத்தகைக்காரர் அன்றும் வெளியே, இன்றும் வெளியே.

அந்த 2,000 சின்னத் தொகை இல்லை. அடியுரத்துக்கு டி.ஏ.பி. ஒரு மூட்டை 1,350 ரூபாய். மேலுரத்துக்கு யூரியா ஒரு மூட்டை 266 ரூபாய் 50 காசு. நடவு நேரத்தில் அந்தப் பணம் கையில் இருந்தால், அப்பா உரக்கடையில் கடன் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வர வேண்டாம்.

யார் சாகுபடி செய்கிறார் என்று எப்படித் தெரியும், போலிகள் புகுந்துவிட மாட்டார்களா என்று கேட்பீர்கள். 2020-இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் வெளிவந்த மோசடி எல்லோருக்கும் நினைவிருக்கும். தகுதியில்லாத ஐந்து லட்சம் பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள், போன பணம் சுமார் 110 கோடி. அதிகாரிகளின் கடவுச்சொல் அடுத்தவர் கைக்குப் போனதால் நடந்தது அது. குத்தகைக்காரர்களைச் சேர்த்ததால் வந்த வினை இல்லையே?

சாகுபடி செய்வது யார் என்பது அரசுக்குத் தெரியாமலும் இல்லை. எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கணக்கான அடங்கலை, கிராம நிர்வாக அலுவலர் ஒவ்வொரு பசலியிலும், அதாவது வருவாய்த்துறையின் ஒவ்வொரு ஆண்டிலும், எழுதுகிறார். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அப்பா நெல் போடுவது அந்த அடங்கலைக் காட்டித்தான். பயிர்க் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டும்போதும் அதே அடங்கல்தான். நெல்லையும் பிரீமியத்தையும் வாங்கிக்கொள்ள அந்தக் காகிதம் போதும், பணம் கொடுக்க மட்டும் போதாதா? எனக்கு இதுதான் விளங்கவே இல்லை.

தனியார் நிலத்தில் வாய்ப்பேச்சாகக் குத்தகை செய்கிறவர்கள் பாடு இன்னும் மோசம். பதிவு செய்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று நிலக்காரர் பயப்படுகிறார். 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இருந்தும் பலர் அந்தப் பதிவேட்டில் வராதது இதனால்தான். ஆந்திராவில் 2019-இல், நில உரிமைக்குப் பங்கமில்லாமல் 11 மாதத்துக்குச் சாகுபடியாளர் அட்டை கொடுக்கச் சட்டம் போட்டார்கள். நிலக்காரர் கையெழுத்து வேண்டும் என்பதால் அங்கேயும் பலருக்கு அட்டை கிடைக்கவில்லை. அந்தக் குறையைத் தவிர்த்து நம்மால் இன்னும் நன்றாகச் செய்ய முடியும் என்று நம்புகிறேன்.

முதலில் கோயில், மடத்து நிலங்களிலிருந்து தொடங்குங்கள். அங்கே குத்தகை ரசீது இருக்கிறது, அடங்கல் இருக்கிறது, சாமி எந்தத் தவணையையும் வாங்கப் போவதில்லை. மாநில அரசு இந்தப் பெயர்ப் பட்டியலைத் தயாரித்து அனுப்பட்டும், ஒன்றிய அரசு விதியைத் திருத்தி அதை ஏற்கட்டும். விதி மாறும்வரை மாநில நிதியிலிருந்தாவது கொடுங்கள். ஜூனில் மேட்டூர் திறந்தால் அப்பா மறுபடி நாற்றங்காலுக்குப் போய்விடுவார். அதற்கு முன்பு எங்களுக்கு ஒரு பதில் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு குத்தகை விவசாயியின் மகள்