லைஃப் வீட்டு லெட்டரு தமிழ்லயும் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கமுங்க,

பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுக்கால இருந்து எழுதுறேன், இங்க குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துல, அதாவது பொம்பளைங்க சுய உதவிக் குழுவுல, செக்ரட்டரியா இருக்கேன். லைஃப் மிஷன்ங்கற கேரள சர்க்கார் வீட்டுத் திட்டத்துல வீடில்லாதவங்களுக்கு வீடு கட்ட 4 லட்சம் குடுக்கறாங்க, அதை நான் குறை சொல்ல வரல, எங்க வீதியிலயே ஓலை போட்டுக் கெடந்த மூணு வீடு இன்னைக்கு தார்சு வீடா நிக்குது.

பக்கத்து வீட்டு அக்கா பேரும் லிஸ்ட்ல வந்துச்சு. பொறவு பஞ்சாயத்துல இருந்து ஒரு லெட்டரு, முழுக்க மலையாளம். அக்கா படிச்சது அஞ்சாவது, அதுவும் தமிழ் மீடியம், பணம் சேங்சன் ஆயிருச்சுன்னு நெனச்சு சாமி படத்துக்குப் பின்னால வெச்சுட்டாங்க. பதினெட்டு நாள் கழிச்சு தொழிலுறப்பு (நூறு நாள்) வேலையில பேச்சுவாக்குல சொன்னாங்க, வாங்கிப் பாத்தா கைவசாவகாச சர்ட்டிபிகேட்டும் (நெலம் நம்ம கைவசம் இருக்குதுன்னு வில்லேஜ் ஆபீசுல தர்றது) நிலவரி ரசீதும் 15 நாளைக்குள்ள தரணும், இல்லாட்டி பேரு போயிரும்னு இருக்குது! நாலு நாள் கூலியை விட்டுட்டு வில்லேஜ் ஆபீசுக்கும் பஞ்சாயத்துக்கும் அலைஞ்சோம். கிளார்க்கு நல்ல மனுசன்தான், லெட்டர்லயே எல்லாம் வெவரமா இருக்குதேன்னு அவரும் பாவம் திருப்பித் திருப்பி அதையே சொல்றாரு.

இது ஒரு அக்கா கதை மட்டும் இல்லீங்க. ஒரே ரேஷன் கார்டுல இருந்தா ஒரே குடும்பம்னுதான் கணக்கு, அது தெரியாம அண்ணன் தம்பி தனித்தனியா அக்ஷயா கம்ப்யூட்டர் சென்டர்ல காசு குடுத்து அப்ளிகேஷன் போட்டு தள்ளுபடி ஆனதும் உண்டு. அப்பீல் பண்ண நாள் குடுப்பாங்க, அந்த நோட்டீசும் மலையாளந்தான். வீட்டுப் பணத்துக்குப் போடற எக்ரிமெண்டுல என்ன எழுதிருக்குன்னு தெரியாமயே கைநாட்டு வெக்கறாங்க.

1969ல வந்த கேரள ஆட்சிமொழிச் சட்டத்துல, தமிழ் கன்னட மைனாரிட்டி ஆளுங்க அவங்க ஏரியா சர்க்கார் ஆபீசுக்கு அவங்க பாசையில எழுதலாம், பதிலும் அதே பாசையில வரணும்னு இருக்குது. நாம எழுதினா தமிழ்ல பதில், அவங்களா அனுப்பினா மட்டும் மலையாளமா? பெருசா ஒண்ணும் கேக்கல, எந்த பேப்பரு, எந்த தேதிக்குள்ள, எந்த ஆபீசுன்னு தமிழ்ல அரைப்பக்கம் அடிச்சு கூடவே பின் பண்ணி அனுப்பட்டும், கிராமசபையில லிஸ்ட் படிக்கறப்ப தமிழ்லயும் ஒருதரம் படிக்கட்டும்.

அக்காவுக்கு இப்பத்தான் அஸ்திவாரம் தோண்டிருக்குது. அடுத்த தவணைக்கு லெட்டரு வந்தா சாமி படத்துக்கிட்ட போகாம நேரா எங்கிட்ட கொண்டாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

ஒரு வாசகி,
சித்தூர் தாலுக்கா