தளத்தை ஏற்கும் முன் பென்னாகரத்திலும் அஞ்செட்டியிலும் கொடுத்துப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வருமானச் சான்று, பட்டா மாறுதல், மின்கட்டணம், வங்கிக் கேஒய்சி என்று ஒவ்வொன்றாக இணையத்துக்குப் போய்விட்டன. ஆனால் ஒரு தளம் மக்கள் பயன்படுத்தும் நிலையில் இருக்கிறதா என்று சோதிக்கும் முறை மட்டும் இன்னும் அலுவலக அறையைத் தாண்டவில்லை. தளத்தைச் செய்த நிறுவனம் தானியங்கிக் கருவி ஒன்றை ஓட்டி 95 மதிப்பெண் காட்டுகிறது. பெரிய திரையில், வேகமான இணைப்பில் திறந்து காட்டுகிறது. ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்தாகிறது. அரசு, கூட்டுறவு, தனியார் என்ற வேறுபாடு இதில் அதிகம் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு இந்த முறை போதாது. பயன்படுத்தப்போகிறவரை உட்காரவைத்து, அவர் கை என்ன செய்கிறது என்று பார்த்த பிறகே ஒரு தளத்தை ஏற்க வேண்டும்.

லைட்ஹவுஸ், ஆக்ஸ், வேவ் போன்ற தானியங்கிக் கருவிகளை ஒதுக்கச் சொல்லவில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு 4.5க்கு 1 என்ற அளவுக்குக் கீழே போனால் நொடியில் பிடித்துவிடும். ஆனால் அவை பார்ப்பது நிரல்வரிகளை. படத்தைப் பார்க்க முடியாதவருக்காகச் சேர்க்கும் மாற்று விளக்கத்தில் ‘படம்1’ என்று எழுதிவைத்தாலும், விளக்கம் இருக்கிறது என்று தேர்ச்சி கொடுத்துவிடும். முழுக்கத் தமிழில் உள்ள பக்கத்தின் மொழிக் குறிப்பில் ஆங்கிலம் என்று போட்டிருந்தாலும் அப்படித்தான். குறிப்பு இருக்கிறது, அதனால் சரி. அந்தக் குறிப்பை நம்பும் ஸ்கிரீன் ரீடர் (பார்வையற்றவருக்காகத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் வாசிப்பான்) ஆங்கிலக் குரலைத் தேர்ந்துகொண்டு தமிழ் எழுத்துகளை விழுங்கும் அல்லது குதறும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த அறிவிப்பு இன்னும் சிக்கலானது. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பதோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். தேடினால் கிடைக்காது, வாசிப்பான் வாசிக்காது, கருவிக்கும் அதில் பிழை தெரியாது. தமிழக அரசு 2010இலேயே எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீட்டைத் தரமாக ஏற்றுவிட்டது என்பதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. ஸ்கேன் செய்து ஏற்றப்படும் பிடிஎஃப் வெறும் படம். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

மனிதரை வைத்துச் சோதிக்க அதிகம் வேண்டாம். அமைதியான அறை அல்லது திண்ணை, பக்கத்தில் உட்கார ஒருவர், சற்றுத் தள்ளிக் குறிப்பெடுக்க ஒருவர், ஒரு நோட்டு, ஒரு கடிகாரம். வருபவர் தன் சொந்தப் போனில், தன் சிம் டேட்டாவில்தான் செய்ய வேண்டும். அலுவலக வைஃபையைக் கொடுத்தால் பாதி உண்மை மறைந்துவிடும். ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். தொடங்கும் முன், “நாங்க சோதிக்கிறது உங்களை இல்லீங்க, இந்தப் பக்கத்தைத்தான்” என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நம் ஊர் மக்கள் பழியைத் தங்கள் தலையிலேயே போட்டுக்கொள்வார்கள். “எனக்குத்தாங்க தெரியல” என்று போனைக் கீழே வைத்துவிடுவார்கள்.

கொடுக்கும் வேலையைத் தேவையின் பேச்சில் சொல்ல வேண்டும். “பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள்” என்றால் பட்டனில் உள்ள சொல்லை நாமே காட்டிக்கொடுத்துவிட்டோம். அவர் எழுத்தை ஒப்பிட்டுத் தொட்டுவிடுவார். “அப்பா பேர்ல இருந்த நிலம் உங்க பேருக்கு வரணும். அதுக்கு வேண்டியதை இந்தப் போன்ல செய்யுங்க” என்றால்தான் தேடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். அதன்பின் சும்மா இருப்பதுதான் கடினம். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளலாம். அவர் நின்றுபோனால் மனதுக்குள் பத்து எண்ணும் வரை பேசக் கூடாது. பிறகு, “இதைத் தொட்டா என்ன வரும்னு நினைக்கிறீங்க?” என்று கேட்கலாம். “அந்தப் பச்சை பட்டன் தெரியுதா?” என்று கேட்டால் சோதனை அங்கேயே முடிந்துவிட்டது.

குறிப்பேட்டில் நான்கு நெடுவரிசைகள் போதும்: எந்தப் பக்கம், என்ன செய்தார், என்ன வரும் என்று எதிர்பார்த்தார், எவ்வளவு நேரம். பின்பட்டனை அழுத்தியது, ஒரே இடத்தை மூன்று முறை தட்டியது, பட்டனே இல்லாத படத்தைத் தட்டியது, பக்கத்தில் இருந்த மகளைப் பார்த்தது எல்லாம் தகவல்தான். உதவியோடு முடித்ததை ‘முடிக்கவில்லை’ என்றே எழுதுங்கள். எல்லாம் முடிந்து “எப்படிங்க இருந்துச்சு?” என்றால், நெடுநேரம் திணறியவரும் “நல்லாத்தான் இருக்குங்க” என்பார். அது மரியாதைக்குச் சொல்வது. நட்சத்திர மதிப்பீடுகளையும் கருத்துப் படிவங்களையும் நம்பித் தளத்தை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

எத்தனை பேர்? ஐந்து பேர் போதும் என்ற பேச்சு இந்தத் துறையில் பரவலாக உண்டு. பயன்பாட்டு ஆய்வாளர்கள் யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கிலிருந்து வந்தது அது. ஒருவர் சராசரியாக 31 சதவீதக் குறைகளில் இடறுகிறார் என்றால், ஐந்து பேரிடம் ஏறக்குறைய 85 சதவீதம் வெளிப்படும். ஆனால் இது சராசரி. பத்தில் ஒருவரை மட்டும் தடுக்கும் குறையை எடுத்துக்கொண்டால், ஐந்து பேரைச் சோதித்து அதைக் காணும் வாய்ப்பு 41 சதவீதம்தான். அதையும் 85 சதவீதத்துக்குக் கொண்டுவர 18 பேர் வேண்டும். பார்வையற்றவரைத் தடுப்பதும், தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாதவரைத் தடுப்பதும் இந்த வகைக் குறைகள். ஆகவே ஐந்து என்பது ஒவ்வொரு பிரிவுக்கும் ஐந்து என்று கொள்ள வேண்டும்.

நம் இரு மாவட்டங்களில் இது புத்தகக் கணக்கு அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தர்மபுரியின் எழுத்தறிவு 68.54 சதவீதம், மாநிலச் சராசரியான 80.09க்கு வெகுவாகக் கீழே. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் ஏராளம். சித்தேரி மலையிலும் அஞ்செட்டிக் காட்டோரக் கிராமங்களிலும் சிக்னல் வந்து வந்து போகும். பாலக்கோட்டுத் தக்காளி விவசாயி, பட்டுக்கூடு வளர்ப்பவர், ஊத்தங்கரை மகளிர் குழு உறுப்பினர், பெங்களூரில் கட்டட வேலை செய்துவிட்டு வாரக்கடைசியில் ஊர் திரும்புபவர், ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தும் கல்லூரி மாணவர் என்று பிரித்துக்கொண்டு அழைத்தால் தளத்தின் உண்மை நிலை தெரிந்துவிடும். வருபவருக்கு ஒருநாள் கூலியும் பேருந்துச் செலவும் கொடுப்பது முறை.

இப்படிப் பார்க்கும்போது வெளிவரும் குறைகளில் பலவற்றை எந்தக் கருவியும் காட்டாது. ஊர்ப்பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். நம் பகுதியில் அள்ளி, ஹள்ளி, பள்ளி என்று முடியும் ஊர்கள் எத்தனை! ஒரே ஊர் வருவாய்த்துறை ஏட்டில் ஒரு விதமாகவும், பேருந்துப் பலகையில் வேறு விதமாகவும், ஆதாரில் மூன்றாம் விதமாகவும் இருக்கும். மாவட்டப் பெயரையே தர்மபுரி என்றும் தருமபுரி என்றும் எழுதுகிறோம். பட்டியல் ஆங்கில எழுத்து வரிசையில் இருந்தால், மாரண்டஅள்ளிக்காரர் மேலும் கீழுமாக விரலால் தள்ளிக்கொண்டே இருப்பார். கண்ணில் பட்டாலும் அது தன் ஊர்தானா என்று உறுதியாகத் தெரியாது. தாலுகாவைத் தேர்ந்தவுடன் அந்தத் தாலுகா ஊர்கள் மட்டும் தமிழ் அகரவரிசையில் வர வேண்டும். தட்டச்சு செய்தால் எல்லா எழுத்துக்கூட்டலுக்கும் அதே ஊர் வர வேண்டும். ஒவ்வோர் ஊருக்கும் மாற்றுப் பெயர்களை ஓர் அட்டவணையாகச் சேர்ப்பதுதான் வேலை. கிராம நிர்வாக அலுவலர்கள் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

அடுத்தது ஓடிபி. நினைவகம் குறைந்த போனில் உலாவியிலிருந்து குறுஞ்செய்திக்குப் போய்த் திரும்பினால், போன் அந்தப் பக்கத்தை நினைவிலிருந்து தூக்கிவிட்டிருக்கும். பக்கம் மறுபடி ஏறும். நிரப்பிய படிவம் காலி. புது மாடல் போனில் இது நடக்காது, அதனால் தளத்தைச் செய்தவர் கண்ணில் படவே படாது. ஒவ்வொரு கட்டத்திலும் விவரங்களைத் தானாகச் சேமிப்பதும், ஓடிபி தானாக நிரம்பும்படி அந்தப் பெட்டியைக் குறிப்பதும் தீர்வு. பதிவு செய்த எண் திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலை செய்யும் மகனுடையதாக இருப்பது இங்கே சாதாரணம். அவரை அழைத்து, எண்ணைக் கேட்டு, தட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும். நேரம் முடியப்போவதை முன்கூட்டியே சொல்லி, ஒரே தட்டலில் நீட்டிக்க வழி இருக்க வேண்டும் என்று இணைய அணுகலுக்கான உலகத் தர நெறியே (WCAG) சொல்கிறது.

200 கேபிக்குள் புகைப்படம் கேட்கும் படிவங்கள் இன்னொரு தடை. இன்றைய போன் எடுக்கும் படம் 3, 4 எம்பி இருக்கும். அதைச் சுருக்குவது தளத்தின் வேலை, மக்களுடையது அல்ல. பிறந்த தேதிக்கு நாட்காட்டியைக் காட்டினால் 1958க்கு மாதம் மாதமாகப் பின்னால் போக வேண்டியிருக்கும். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று பெட்டி போதும். பெட்டிக்குள்ளேயே மங்கலாக எழுதிய குறிப்பு, தட்டத் தொடங்கியதும் மறைந்துவிடும். பிழை என்றால் சிவப்புக் கோடு மட்டும் போதாது. எந்தப் பெட்டி, என்ன பிழை, எப்படிச் சரிசெய்வது என்று அந்தப் பெட்டியை ஒட்டித் தமிழில் எழுத வேண்டும், ஏற்கெனவே நிரப்பியவற்றை அழிக்கக் கூடாது. பட்டன்கள் குறைந்தது 24க்கு 24 பிக்சல் என்பது அதே நெறியின் 2023 அக்டோபரில் வந்த பதிப்பு (WCAG 2.2) சொல்லும் அளவு. மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலுக்கு அதுவும் சிறிது. அதன் இரு மடங்கு வையுங்கள்.

பார்வையற்றவரோடு சோதிக்கும்போது முறை சற்று மாறும். வாசிப்பானாக ஆண்ட்ராய்டில் டாக்பேக், கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ. அவர் வாசிப்பானைக் கேட்டுக்கொண்டே நம்மிடமும் பேச முடியாது; ஒவ்வொரு வேலையும் முடிந்தபின் கேளுங்கள். அவர் பழகிய வாசிப்பு வேகத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள். வலப்பக்கம் விரலைத் தள்ளித் தள்ளிப் போகும்போது வெறும் ‘பட்டன்’ என்று மட்டும் கேட்டால், அதற்குப் பெயர் வைக்கப்படவில்லை. படத்தில் உள்ள எழுத்தைத் தட்டச் சொல்லும் கேப்சா வந்தால் அவர் பயணம் அத்தோடு நின்றது.

தளம் தானாக எழுதிவைக்கும் சர்வர் பதிவுகளும் உதவும். எந்தப் பெட்டியில் பிழைச்செய்தி அதிகம், எந்தப் பக்கத்தில் விட்டுப்போகிறார்கள், என்ன தேடி ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிறார்கள் என்று வாரந்தோறும் பாருங்கள். ஆதார் எண், கைப்பேசி எண் எதுவும் அந்தப் பதிவில் விழக் கூடாது. நேரடிச் சோதனைக்கும் கற்பனை விவரங்கள் நிரப்பிய மாதிரித் தளமே வேண்டும். பதிவுகள் எங்கே என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. ஏன் என்பதற்கு மறுபடி ஆளின் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். இசேவை மையங்களில் கணினிக்கு அருகே ஒட்டியிருக்கும் துண்டுச்சீட்டுகளையும் படித்துப் பாருங்கள். ‘இந்த இடத்தில் இரண்டு முறை அழுத்தவும்’ என்று யாராவது எழுதி வைத்திருந்தால், அந்தச் சீட்டே குறைப் பட்டியல்.

இதெல்லாம் சலுகை கேட்பது அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 தகவல் தொழில்நுட்ப அணுகலை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் அதைப் பயன்படுத்த முடிவதை, அரசின் கடமையாக்கியிருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று, அணுகல் தரங்களைப் பரிந்துரையாக மட்டும் வைத்திருக்க முடியாது, கட்டாயமாக்க வேண்டும் என்றது. 2025 ஏப்ரல் 30 தீர்ப்பில், இணையச் சேவையை அணுகுவதை வாழ்வுரிமையின் பகுதியாகவே ஏற்றது. வங்கிகள் போன்ற நிறுவனங்கள் புதிய செயலியோ தளமோ வெளியிடும்போது பார்வையற்றவர்களைப் பயனர் சோதனையில் சேர்க்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

ஆகவே இரு மாவட்ட நிர்வாகங்களும், தளம் நடத்தும் மற்ற அமைப்புகளும் ஒப்பந்தத்திலேயே ஒரு விதியைச் சேர்க்க வேண்டும். இறுதித் தவணைத் தொகையை நிறுத்திவைத்து, குறைந்தது மூன்று பிரிவினரில் ஐவர் ஐவராகச் சோதித்த அறிக்கை வந்த பிறகே விடுவிக்க வேண்டும். வேலையை முடிக்கவே விடாத குறைகள் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. மற்றவற்றுக்குத் தேதி குறித்துக்கொள்ளலாம். திருத்தியபின் மறுபடி சோதிக்கையில் அதே ஐவரை அழைக்காதீர்கள். அவர்களுக்குப் பாதை பழகியிருக்கும். புதிதாக ஐவரை அழைத்து, அதே வேலையை, அதே சொற்களில் கொடுங்கள்.

இப்படிக்கு,
இணையதளப் பயன்பாட்டுச் சோதனைப் பணியில் உள்ள வாசகர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.