ராமானுஜன் ஆகாவிட்டால் என்ன?

கோபிசெட்டிபாளையம்,
புதன் இரவு

அன்புள்ள ருக்மணி,

நலம், நலமறிய ஆவல். நீ கொடுத்தனுப்பிய நாட்டுச் சர்க்கரை வந்து சேர்ந்தது. உன் அண்ணன் மகன் வாசலோடு திரும்பிவிட்டான், ஒரு வாய் காபி குடிக்கவில்லை, கண்டித்து வை. எனக்கு முட்டி வலி பரவாயில்லை. அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், நாற்று விட்டாயிற்று. குசலம் இவ்வளவுதான்.

சர்க்கரைப் பொட்டலத்தோடு நீ வைத்திருந்த பத்திரிகைத் துண்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆட்டிசம் இருந்த மேதைகள் என்று வரிசையாகப் படங்கள். நியூட்டன், ஐன்ஸ்டைன், டெஸ்லா, கடைசியில் நம் ராமானுஜன். ஓரத்தில் உன் முத்தான கையெழுத்தில் "நம் முகிலனும் ஒருநாள்!" என்று எழுதியிருந்தாய். அதை என் மகள் கவிதாவிடம் காட்டாமல் பீரோவில் வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்ல நாலு பக்கம் வேண்டும். பொறுமையாகப் படி, நம் சம்பந்தம் ஐயா வகுப்பில் செய்வது போல நடுவில் தூங்கிவிடாதே.

கோவையில் டாக்டர் என் பேரன் முகிலனைப் பார்த்து ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தது தை மாதம். அன்றிலிருந்து எங்கே போனாலும் இந்த ஒரே ஆறுதல்தான். குலதெய்வக் கோயிலில் சின்னவளுக்குக் காதுகுத்து. பம்பை அடிக்கத் தொடங்கியதும் முகிலன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான். பந்தியில் நாலைந்து பேர் கவிதாவைச் சூழ்ந்துகொண்டு, "கவலைப்படாதே கண்ணு, நம் ஈரோட்டில் பிறந்த ராமானுஜனே சின்ன வயதில் இப்படித்தானாம்" என்றார்கள். ஜி.டி. நாயுடுவையும் விடவில்லை. பள்ளிக்கூடம் பிடிக்காமல் நின்றவர், 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கியவர் என்பது உண்மை. பள்ளிக்கூடம் பிடிக்காமல் நின்ற பிள்ளைகள் அந்தக் காலத்தில் ஊருக்கு நூறு பேர் இருந்தார்கள். எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். காரில் திரும்பும்போது கவிதா கேட்டாள்: "ஏம்மா, இவன் ராமானுஜன் ஆகாவிட்டால் என்ன சொல்வார்கள்?" வீடு வரும் வரை எனக்குப் பதில் வரவில்லை. அதற்குத்தான் தேடித் தேடிப் படித்தேன்.

ராமானுஜனையே எடுத்துக்கொள். 1887 டிசம்பர் 22, ஈரோட்டில் அம்மாவின் பிறந்த வீட்டில் பிறந்தார். மூன்று வயது வரை சரியாகப் பேசவில்லை. கும்பகோணத்து வீட்டில் இருந்த பித்தளைப் பாத்திரங்களை எடுத்துச் சுவருக்குச் சுவர் வரிசையாக அடுக்குவாராம். கணக்கைத் தவிர வேறு பாடத்தைத் தொடாததால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. முகிலனுக்காக டாக்டர் எங்களை நிரப்பச் சொன்ன தாளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கட்டங்கள் சரசரவென நிரம்புகின்றன. பாத்திர வரிசையைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அதே மனிதர் 1914இல் கேம்பிரிட்ஜுக்குப் போனார். அங்கே படித்துக்கொண்டிருந்த மஹலநோபிஸ் ஒரு நாள் குளிரைப் பற்றி விசாரிக்க, ராத்திரியில் மேல்கோட்டோடும் சால்வையோடும் படுத்தும் தாங்க முடியவில்லை என்றிருக்கிறார். மஹலநோபிஸ் உள்ளே போய்ப் பார்த்தால், கம்பளிகள் மெத்தையோடு இறுக்கிச் செருகியபடியே இருக்கின்றன. இவர் எல்லாவற்றுக்கும் மேலே படுத்திருக்கிறார். அதற்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று அதுவரை ஒருவரும் சொல்லித் தரவில்லை. ருக்மணி, இதை யாராவது தூரத்திலிருந்து பார்த்து "விசித்திரமான படுக்கைப் பழக்கம்" என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் எவ்வளவு அநியாயம்! பாயில் படுத்து வளர்ந்த மனிதருக்கு அது தெரியாத ஊர், அவ்வளவுதான்.

ரசம் கதை இன்னொன்று. நண்பர் ஒருவரையும் அவருடன் வந்த பெண்களையும் விருந்துக்கு அழைத்துத் தானே சமைத்தார். ரசத்தை மறுபடி வாங்கிக்கொண்டவர்கள் மூன்றாம் முறை போதும் என்றதும் எழுந்து வெளியே போனவர் திரும்பவில்லை. சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து பணம் கேட்டுத் தந்தி வந்தது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? உன் பெரியத்தை நான் பாயசம் போதும் என்றதற்கு ஒரு வருடம் என்னிடம் பேசவில்லையே, மறந்துவிட்டதா?

சிரிப்பு இதோடு போதும். போர்க்காலம், சைவச் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு, உடம்பில் நோய், மனைவி ஜானகியின் கடிதங்கள் கைக்கு வரவில்லை. 1918இல் லண்டன் சுரங்க ரயில் தண்டவாளத்தில் அவர் குதித்தார். ஒருவர் பார்த்து மின்சாரத்தை நிறுத்தியதால் ரயில் சில அடி தூரத்தில் நின்றது. அந்தத் துக்கத்தின் மேல் ஒரு பெயரை ஒட்டிவிட்டால் அந்தத் தனிமையை யாரும் மறுபடி பார்க்க மாட்டார்கள் என்பதுதான் என் பயம். ராமானுஜனை ஏதோ புரியாத கீழ்த்திசை அதிசயம் போலப் பேசுவது, அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த கணித மேதை ஹார்டிக்கே பிடிக்காது. ராமானுஜனும் எல்லோரையும் போல அறிவோடு சிந்தித்த மனிதர் என்று அழுத்திச் சொன்னார். அந்த ஹார்டி, ஓட்டல் அறைக்குப் போனால் கண்ணாடிகளைத் துண்டு போட்டு மூடுகிறவர். பட்டியல் போடுகிறவர்களுக்கு அவரும் தப்ப மாட்டார்.

கோவை டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? எப்போது தலை நின்றது, எப்போது பெயரைக் கூப்பிட்டால் திரும்பினான், எந்தச் சத்தத்துக்கு அழுதான் என்று கவிதாவை உட்காரவைத்துத் துருவித் துருவிக் கேட்டார். முகிலனைத் தரையில் விட்டு அவன் விளையாடுவதைப் பார்த்தார். குழந்தைப் பருவத்திலேயே அறிகுறி இருந்ததா என்று தெரியாமல் ஆட்டிசம் என்று எழுதக் கூடாதாம். நியூட்டனின் தாயை யார் போய்க் கேட்பது? 2003இல் சைமன் பேரன்-கோஹன், அயன் ஜேம்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் நியூட்டனுக்கும் ஐன்ஸ்டைனுக்கும் அந்தச் சாயல் இருந்ததாகச் சொன்னார்கள். ஐன்ஸ்டைன் ஏழு வயது வரை வாக்கியங்களைத் தனக்குள் மெல்லச் சொல்லிப் பார்ப்பார் என்று அவர் தங்கை எழுதியிருக்கிறார், சரி. அதே ஐன்ஸ்டைன் ஆயுள் முழுக்க நண்பர்களோடு நகைச்சுவையாகக் கடிதம் எழுதி, அரசியல் மேடையிலும் பேசியவர். உன் பத்திரிகைத் துண்டு சொல்கிற மாதிரி கணக்கில் அவர் தோற்கவும் இல்லை. பதினைந்து வயதுக்குள் நுண்கணிதம் படித்து முடித்தவர். இதை ஒரு கணக்கு டீச்சருக்கு அனுப்பலாமா நீ?

ஒரே ஒருவர் விஷயத்தில் மட்டும் நான் மறுக்கவில்லை. ஹென்றி கேவண்டிஷ். ஹைட்ரஜனைத் தனி வாயு என்று 1766இல் காட்டினாரே, அவர். வீட்டு வேலைக்காரப் பெண்களைக் கண்ணால் பார்க்க முடியாது. சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதி மேசை மேல் வைத்துவிடுவார். உட்கார்ந்து படம் வரையச் சம்மதிக்க மாட்டார். இருக்கிற ஒரே படம் அவருக்குத் தெரியாமல் வரைந்தது. கண்டுபிடித்தவற்றில் பலவற்றை வெளியிடவே இல்லை. மின்சாரம் பற்றிய குறிப்புகளை அவர் இறந்து கிட்டத்தட்ட எழுபது வருடத்துக்குப் பிறகு மேக்ஸ்வெல் என்ற இயற்பியலாளர் தொகுத்தார். ஆலிவர் சாக்ஸ் என்ற நரம்பியல் டாக்டர் 2001இல் இவரைப் பற்றி எழுதியபோது மற்ற யாரையும்விட இவருக்குத்தான் சான்று பலமாக இருக்கிறது என்றார். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

ஆனால் என் மனதைப் பிடித்துக்கொண்டது நோயின் பெயர் இல்லை, ருக்மணி. ஒரு படிக்கட்டு. வேலைக்காரப் பெண் ஒருத்தி எதிரே வந்துவிட்டாள் என்பதற்காக வீட்டின் பின்பக்கம் தனக்கென்று இன்னொரு படிக்கட்டே கட்டிக்கொண்டாராம். டியூக்கின் பேரன், கொள்ளைப் பணம், கட்ட முடிந்தது. ராயல் சொசைட்டி என்ற லண்டன் அறிவியல் சங்கத்தில் இருந்த அவருடைய நண்பர்களும் விஷயம் புரிந்தவர்கள். அவர் முகத்தைப் பார்த்துப் பேசாமல், பக்கத்தில் போய் நின்று காற்றோடு பேசுவது போலப் பேசினால் பதில் வரும் என்று புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். அப்படி விட்ட இடத்தில்தான் அந்த மனிதர் 1798இல் வீட்டுக் கொட்டகையில் ஈயக் குண்டுகளைத் தொங்கவிட்டுப் பூமியின் அடர்த்தி தண்ணீரைப் போல 5.48 மடங்கு என்று சொன்னார். இன்றைய கணக்கு 5.51.

ராமானுஜனுக்கும் அப்படிச் சில படிகளைக் கட்டினார்கள். பட்டம் இல்லாதவருக்கு நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். துறைமுகக் கழகத்தில் முப்பது ரூபாய்க் குமாஸ்தா வேலை. பட்டமே இல்லாதவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1913இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. இவருக்கு என்ன குறை என்று அவர்களில் யாரும் பெயர் வைக்கவில்லை. என்ன தேவை என்று பார்த்தார்கள்.

இதையெல்லாம் படித்துக்கொண்டு வரும்போது ஒரு இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். ஆஸ்பெர்கர் என்ற வியன்னா டாக்டர் பெயரை நீயும் கேட்டிருப்பாய். பேச்சும் கூர்மையும் உள்ள பிள்ளைகளைக் குட்டிப் பேராசிரியர்கள் என்று பாராட்டி 1944இல் எழுதியவர். நாஜிகள் காலத்தில் அதே டாக்டர், தேற மாட்டார்கள் என்று கருதிய சில குழந்தைகளை, ஊனமுற்ற குழந்தைகளைக் கொன்ற ஷ்பீகல்குருண்ட் என்ற வியன்னா மருத்துவமனைக்கு அனுப்பக் கையெழுத்திட்டார் என்பது 2018இல் ஆவணங்களோடு வெளிவந்தது. அங்கே 789 குழந்தைகள் இறந்தார்கள். மேதையாகக் கூடிய பிள்ளை ஒரு பக்கம், ஆகாத பிள்ளை மறுபக்கம் என்று பிரித்தால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். உன் கையெழுத்தைப் பீரோவில் பூட்டியது இதனால்தான். நீ அப்படி நினைத்து எழுதவில்லை என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் "ஒருநாள்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒருநாள் வராவிட்டால் இந்தப் பிள்ளை எந்தப் பக்கம்?

முகிலனுக்குக் கணக்கு வராது. ஏழு வயதில் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாது. வாரத்தில் இரண்டு நாள் நான் சந்தகை பிழிவேன். அவன் இழை இழையாகப் பிரித்துத் தட்டில் நேராக நீட்டி வைத்து, ஒன்றை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவான். தேங்காய்ப்பால் ஊற்றினால் தட்டைத் தள்ளிவிடுவான். எண்ணுகிறானோ என்று பக்கத்தில் உட்கார்ந்து உதட்டைப் பார்த்தேன். எண்ணவில்லை. நேராக இருப்பது அவனுக்குப் பிடிக்கிறது. முடித்ததும் "அமுச்சி, இன்னும்" என்பான். அந்த இரண்டு சொல்லுக்கு நான் என் பென்ஷன் முழுவதையும் கொடுப்பேன்.

போன மாதம் அவன் படிக்கிற பள்ளியில் கூப்பிட்டு, வகுப்பில் எழுந்து நடக்கிறான், மற்ற பெற்றோர் புகார் சொல்கிறார்கள், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த வரவேற்பறைச் சுவரில் ஐன்ஸ்டைன் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. கவிதா அழுதாள், மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். நான் 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை வாங்கிப் படித்திருக்கிறேன். 21 வகையில் ஆட்டிசமும் ஒன்று. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொண்டு, அந்தப் பிள்ளைக்குத் தேவையான வசதியைச் செய்து தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. திங்கட்கிழமை நகலோடு போகிறேன். பிரார்த்தனைக் கூட்டத்து ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி அவனை நிற்கவைக்கட்டும், கடைசி பெஞ்சில் எழுந்து நடக்க இடம் விடட்டும். நான் கேட்கப்போவது இவ்வளவுதான். முடியாது என்றால் மனு எழுத உன் தம்பி வக்கீல் தயாராக இருக்கட்டும், இப்போதே சொல்லி வை.

இன்னொரு உதவி. கோவையில் உன் மருமகள் பேச்சுப் பயிற்சி தருகிறாள் அல்லவா? அவளிடம் விவரமாகக் கேட்டு எழுது. முகிலன் ஐந்தாறு சொல்தான் பேசுகிறான், கேட்பதெல்லாம் புரிகிறது. வாரம் ஒரு நாள் நாங்கள் பஸ் ஏறி வந்தால் போதுமா, வீட்டில் நான் செய்யக் கூடியது என்ன, படம் காட்டிப் பேசப் பழக்குகிறார்களாமே, அந்த அட்டைகளை வாங்க வேண்டுமா, நானே வரைந்துகொள்ளலாமா? அவள் சௌகரியப்பட்ட நேரத்தைச் சொன்னால் கவிதாவே போன் செய்வாள். அடுத்த வாரத்துக்குள் பதில் போடு.

அன்புடன்,
சிவகாமி