பத்திர ஆபீஸுக்குத் தங்கையைக் கூட்டிப் போகும் அண்ணன்மாருக்கு

கொங்கு நாட்டு அண்ணன் தம்பிமாருக்கு வணக்கம்.

கோபிக்குப் பக்கத்தில், கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர் பாயும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா இறந்து வருசம் திரும்பியதும், 2012-இல், அண்ணன் காரில் வந்து என்னைப் பத்திர ஆபீஸுக்குக் கூட்டிப் போனார். வழியில் டிபன் வாங்கிக் கொடுத்தார். என் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரம் தயாராக இருந்தது. "அம்மணி, இங்க ஒரு கையெழுத்து" என்றார். போட்டேன். பி.காம். படித்தவள், ஒரு பக்கம்கூடப் படித்துப் பார்க்கவில்லை. கேட்டால் அண்ணனைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்ற கூச்சம். கட்டைவிரல் மையைத் துடைக்க அவரே கைக்குட்டையை நீட்டினார். அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் இந்த மடலே.

பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். அந்த இயக்கத்தை நடத்திய பெரியார் நம் ஈரோட்டுக்காரர். தமிழ்நாட்டில் அது சட்டமாக 60 வருசம் பிடித்தது. கலைஞர் ஆட்சியில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் வந்த அந்தத் திருத்தமும் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்களுக்குப் பொருந்தவில்லை. என் சித்திக்கு அந்த வருசம் தை மாதம் கல்யாணம். இரண்டே மாதத்தில் உரிமை தவறிப்போனது. 2005-இல் மத்திய அரசு அதே சட்டத்தைத் திருத்தி, கல்யாணமானாலும் ஆகாவிட்டாலும் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பிலேயே பங்கு உண்டு என்றது. அந்தத் திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்த்தது: வேண்டியதில்லை. ஆக மொத்தம் 91 வருசம்.

சரி, சட்டம் தெரியாமலா கையெழுத்துப் போடுகிறோம்? பங்கு கேட்டால் பொறந்த வீட்டு உறவு அத்துப்போகும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆடி நோம்பிக்கு அழைப்பு வராது. மகளுக்குச் சீர் செய்யத் தாய்மாமன் வரமாட்டார். ஏக்கரைக் கொடுத்து அண்ணனை வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

"நகை போட்டு, சீர் செஞ்சுதானே அனுப்பினோம்" என்பீர்கள். உங்கள் காலேஜ் செலவும் அதே தோட்டத்து மஞ்சள் விற்ற காசுதான். அதை யாரும் உங்கள் பங்கில் கழிக்கவில்லையே. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் என்ற சடங்கைச் செய்ய உடன்பிறந்தவள் வேண்டும். மணவறைக்கு வேண்டியவள் பாகத்துக்கு மட்டும் எப்படி வேண்டாதவளானாள்?

நான் டவுன் பஸ் ஏறிக் காலேஜ் போனபோது ஊரே பேசியது. இன்று மகளைப் படிக்க வைக்காதவரைத்தான் ஏன் என்று கேட்கிறார்கள். முதலில் நாலு அப்பாக்கள் துணிந்து அனுப்பினார்கள், அஞ்சாவது ஆளுக்குக் கூச்சம் விட்டுப்போனது. இதிலும் அந்த நாலு பேர் நீங்களாக இருங்கள். தங்கை வாய் திறந்து கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், அவள் கேட்கமாட்டாள்.

பங்கு வேண்டாம் என்று அவளே சொன்னாலும், எத்தனை சென்ட், இன்று என்ன விலை போகிறது என்பதைச் சொல்லுங்கள். பத்திரத்தை ஒரு வாரம் முன்பே அவள் கையில் கொடுங்கள். மாப்பிள்ளையிடம் இல்லை, அவள் கையில். அவள் கடைசிப் பக்கம்வரை படித்து முடிக்கும்வரை பேனா உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவரின் தங்கை