தேன்பெட்டி அருகிலிருந்து

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் மனசில் கிடக்கிறது. ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்ட பள்ளிப் பையன்கள் ஒருவரையொருவர் கொல்லும் அளவுக்குப் போகிற அந்த 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' நாவலைப் படித்து முடித்த கையோடு, "மனுசன் இவ்வளவுதான் அப்பா, கேட்க ஆளில்லை என்றால் எல்லாரும் இப்படித்தான்" என்றாய். அலுவலகத்தில் உனக்கு நடந்ததும் அந்தக் குரலில் இருந்தது. அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அதை எழுதிய வில்லியம் கோல்டிங் பார்க்காததை எழுதியவர் இல்லை, மக்ளே. என்னைப் போலப் பள்ளிக்கூட வாத்தியார். போரில் கடற்படையில் இருந்தவர். 1944-ல் நார்மண்டிக் கரையில் படை இறங்கியபோது ராக்கெட் ஏவும் கலம் ஒன்றை நடத்தினார். 1954-ல் இந்த நாவல் வந்தது. தேனீ தேனை உண்டாக்குவதுபோல மனிதன் தீமையை உண்டாக்குகிறான் என்று பிறகு ஒரு கட்டுரையில் எழுதினார்.

நாவலில் பிக்கி என்ற பையனின் மூக்குக்கண்ணாடியை மற்றவர்கள் பிடுங்கும் இடத்தை என்னால் பொய் என்று சொல்ல முடியாது. என் வகுப்பிலேயே நாலு பேர் சேர்ந்து ஒரு பையனின் கண்ணாடியை மிதித்து உடைத்தார்கள். ஏன்டா என்று கேட்டதற்கு, "எல்லாரும் சிரிச்சாங்க சார்" என்றான் ஒருவன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தப் பதில் எனக்குப் பயம்தான்.

ஆனால் தேனீ விஷயத்தில் மட்டும் எனக்கு அவரோடு வழக்கு உண்டு. நம் விளையில் இத்தனை வருசமாகப் பெட்டி வைத்திருக்கிறேன், தேனீ ஒன்றுமில்லாததிலிருந்து தேன் எடுத்து நான் பார்த்ததில்லை. மாசியில் ரப்பர் துளிர் விடும்போது, மூன்று இலையும் சேருகிற காம்பு நுனியில் இனிப்பு நீர் கசியும். மார்த்தாண்டம் தேன் என்று ஊரெல்லாம் விற்பதில் பெரும்பங்கு அதுதான். மழைக்காலத்தில் ஒன்றும் கிடைக்காது. சீனிக் கரைசல் வைக்க வேண்டும். வைக்காவிட்டால், பலமான பெட்டியின் ஈக்கள் நோஞ்சான் பெட்டிக்குள் புகுந்து கொள்ளையடிக்கும். வாசலில் செத்த ஈ குவிந்து கிடக்கும். 2017-ல் ஒக்கிப் புயல் ரப்பரைச் சாய்த்துவிட்டுப் போனதற்கு அடுத்த மழைக்காலத்தில் நம் பெட்டிகளிலேயே அதைப் பார்த்தேன். நீ அப்போது விடுதியில் இருந்தாய், உன்னிடம் சொல்லவில்லை. மிச்சம் நின்ற மரங்கள் மறுபடி துளிர்த்தபோது, கொள்ளையடித்த அதே பெட்டிதான் அடை அடையாகத் தேன் வைத்தது.

அந்தத் தீவில் பழம் இருந்தது, பன்றி இருந்தது, பஞ்சம் ஏது என்று நீ கேட்பாய். சரிதான். ஆனால் அந்தப் பையன்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார். அணுகுண்டுப் போருக்குத் தப்ப ஏற்றிவிட்ட விமானம் சுடப்பட்டு விழுந்துதான் அங்கே வந்தார்கள். மலையுச்சியில் பூதம் என்று அவர்கள் நடுங்கியது, பாராசூட்டோடு கிடந்த ஒரு செத்த போர்வீரனைப் பார்த்து. கடைசியில் காப்பாற்ற வரும் அதிகாரியும் போர்க்கப்பலில்தான் வருகிறார். அவர்களுக்குக் கிடைத்த பூ அது.

1965-ல் டோங்கா நாட்டில் 6 பள்ளிப் பையன்கள், ஒரு மீனவரின் படகை எடுத்துக்கொண்டு கிளம்பி, புயலில் சிக்கி, அட்டா என்ற ஆளில்லாத தீவில் ஒதுங்கினார்கள். பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியக்காரர் 1966 செப்டம்பரில் அவர்களைக் கண்டுபிடிக்கும்வரை சுமார் 15 மாதம். இரண்டிரண்டு பேராக முறை வைத்து வேலை செய்தார்கள், தீயை அணையவே விடவில்லை. ஒருவனுக்குக் கால் முறிந்தபோது குச்சி வைத்துக் கட்டி, அவன் வேலையையும் தாங்களே பார்த்தார்கள். சண்டை வந்தால் ஆளுக்கொரு பக்கம் போய் ஆறிவிட்டு வர வேண்டும். படகு திருடிய பையன்கள்தான், மக்ளே.

உனக்கு நடந்ததைச் சின்னது என்று நான் சொல்லவில்லை. அங்கே யார் சிரிப்பதற்காக அவர்கள் அப்படிச் செய்தார்கள் என்று மட்டும் கவனி.

அப்புறம், அந்த நாவலின் 9-ம் அத்தியாயத்தைத் திரும்ப எடுத்துப் படி. சைமன் என்ற பையன் தனியாக மலையேறி, வாந்தி எடுத்துவிட்டு, அந்தச் செத்தவனின் கயிற்றுச் சிக்கலை அவிழ்த்துவிடுகிறான். பயப்பட ஒன்றுமில்லை என்று மற்றவர்களிடம் சொல்லத்தான் இறங்கி வருகிறான். அவனைக் கொன்றுவிடுகிறார்கள், தெரியும். ஆனால் அவனையும் எழுதியவர் கோல்டிங்தானே. படித்துவிட்டுக் கூப்பிடு, பேசுவோம். புதுத் தேன் இரண்டு குப்பி உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்பா