கைக்குத் தெரிந்ததைத் தாளில் எழுதுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறையில் என் தாயாருடன் பால்மரக் காட்டுக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்குப் போன நாள்களில், கொட்டகையில் நடக்கும் ஒரு காட்சியைத் தவறாமல் பார்த்திருக்கிறேன். தோட்டத்துக் கணக்கரான கிராணியார் ஒவ்வொருவர் பாலையும் நிறுத்து, அதில் ஓர் அளவுக் கருவியை மிதக்கவிட்டு, தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று கணக்கிட்ட பிறகே பேரேட்டில் எழுதுவார். பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர் என்பதால், அந்தக் கணக்கில் எல்லாருக்கும் கண் இருந்தது. ஆனால் விடிவதற்கு முன்பே உளியைப் பிடித்து, மரத்தின் உள்தோலில் காயம் படாமல், பட்டையை மெல்லியதாகச் சீவத் தெரிந்த கையின் தரத்தை அளக்க அங்கே எந்தக் கருவியும் இல்லை. அதனால்தான் தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறியபோது, முப்பது ஆண்டுத் தொழில் தெரிந்தவர்கள்கூட 'ஒன்றும் தெரியாதவர்கள்' என்ற பெயரோடு பட்டணத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் என் அக்காள் மகன். இங்கே சுங்கை சிப்புட்டில் உள்ள ஒரு லோரிப் பட்டறையில் அவன் 12 ஆண்டுகளாக வேலை செய்கிறான். என்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவனுக்குச் சம்பளம் கடைசியாக உயர்ந்தது 2025இல், மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனபோதுதான். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் அவனுக்கும் ஒரே சம்பளம். ஏன் கேட்கவில்லை என்றேன். "என்கிட்ட என்ன இருக்கு மாமா, ஒரு தாள்கூட இல்லையே" என்றான்.

தாள் இல்லை என்பது உண்மை. வாங்க முடியாது என்பது உண்மையன்று. மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறை, எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்களுக்கு மட்டுமே வழங்குவதில்லை. பல ஆண்டு வேலை அனுபவம் உள்ளவர்கள், தாங்கள் செய்த வேலைக்கான சான்றுகளைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்தால், மதிப்பீட்டாளர்கள் அதைச் சரிபார்த்துச் சான்றிதழுக்குப் பரிந்துரைக்கும் வழியும் இருக்கிறது. மலாயில் அதை பி.பி.தி. என்பார்கள். இளையோருக்கு, வேலை செய்துகொண்டே பயிலும் எஸ்.எல்.டி.என். முறை தனியாக உண்டு.

இந்த வழியின் பெரிய நன்மை சான்றிதழே அன்று என்பது என் கருத்து. ஒவ்வொரு தொழிலிலும் என்னென்ன வேலை தெரிந்திருக்க வேண்டும் என்று அரசாங்கம் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் வீட்டு மேசையில் அந்தப் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு, வரி வரியாக அவனைக் கேட்டேன். பெரும்பாலானவை அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கணினி கட்டுப்படுத்தும் புதிய டீசல் என்ஜின்களும், அவற்றின் கோளாற்றைக் காட்டும் ஸ்கேனர் கருவியும் மட்டும் பிடிபடவில்லை. தன்னிடம் ஒன்றுமே இல்லை என்றிருந்தவன், அன்றைக்குத் தன்னிடம் எது இல்லை என்று விரல்விட்டுச் சொன்னான். இப்போது சனிக்கிழமை மாலைகளில் ஈப்போவுக்குப் போய், தெரிந்தவர் ஒருவரிடம் அதைக் கற்றுக்கொள்கிறான். போகிற இடத்தில் அதே வேலைக்கு என்ன சம்பளம் கொடுக்கிறார்கள் என்றும் விசாரித்து வந்தான். அந்த விவரம் இல்லாமல் முதலாளி முன்னால் நிற்பதில் பயன் இல்லை. சான்றிதழைச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்துவிட்டு, பழைய சம்பளத்துக்கே வேலைக்குப் போகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். வாய்திறந்து கேட்பதைத் திமிர் என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்தே வந்தது.

அவன் திணறுவது கோப்பு எழுதுவதில்தான். செய்த வேலையின் படங்கள், வேலைச் சீட்டுகள், முதலாளியின் உறுதிக் கடிதம் எல்லாவற்றையும் மலாயில் விளக்கமாக எழுதி அடுக்க வேண்டும். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவனுக்கு அது என்ஜினைப் பிரித்துப் பூட்டுவதைவிடக் கடினம். முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. 1960இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வழி, தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். ஒருவருக்கொருவர் கோப்பு எழுதிக் கொடுப்பது அதைவிடப் பெரிய வேலை அன்று.

எனவே தங்கள் நாளிதழ், வெல்டிங், மின்கம்பி வேலை, தையல், சமையல் என்று வாரம் ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, அதற்குரிய பட்டியலை எளிய தமிழில் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும் அளவில் இருந்தால் நலம். ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகள் இருவர் கிடைத்தால், ஞாயிறு காலையில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கோப்பு எழுதிக் கொடுக்க நான் தயார்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆலை மெக்கானிக்,
சுங்கை சிப்புட், பேராக்.