அக்ரிமெண்ட்ட ஓட்டுக்கு விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓசூர் சிப்காட்ல ஒரு வண்டி கம்பெனில அசெம்ப்ளி லைன்ல வேல பாக்குறேன். புது சம்பள அக்ரிமெண்ட் பத்தி கேட் மீட்டிங்ல மொத்த தொகைய சொன்னதுமே பாதிப்பேரு கை தட்டிட்டாங்க, ஆனா ஏத்துற காசு நெறைய அலவன்ஸ்லதான் வருது, பேசிக் ஏறுனாத்தான பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் நல்லா ஏறும், கூடவே லைன் ஸ்பீடையும் கூட்டுறாங்க. காண்ட்ராக்ட் பசங்களப் பத்தி ஒரு வரி இல்ல, அதான் ரொம்ப வலிக்குது.

2023ல அமெரிக்கால ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கார் கம்பெனி தொழிலாளிங்க ஸ்ட்ரைக் பண்ணி நாலரை வருசத்துக்கு 25 சதவீத உயர்வு வாங்குனாங்க, அதையே ஓட்டுக்கு விட்டப்ப சுமார் 55 சதவீதம் பேர்தான் சரின்னாங்க. நம்ம சங்கமும் முழு அக்ரிமெண்ட்ட தமிழ்ல நோட்டீஸ் போர்டுல ஒட்டட்டும், மூணு ஷிப்ட்டும் படிச்சு ரகசிய ஓட்டு போட்ட பிறகு கையெழுத்து போடட்டும்.

- ஒரு தொழிலாளி, ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்